வாக்குப்பெட்டிக்குப் பிறகு – 7: ஒரு மாதத்துக்கு ஒரு சட்டம்

2024 செப்டம்பர் 21, ஜனாதிபதித் தேர்தல். மட்டக்குளியில் காலையிலேயே வாக்களித்தவர்கள் நேரே கடைக்குத்தான் போனார்கள். “பின்னேரம் பூட்டிருவேன் மாமி, பாண், பருப்பு எது வேணுமோ இப்பவே எடுத்துருங்க” என்று அவசரப்படுத்தினார் கடைக்காரர். அன்றிரவு 10 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் தேர்தல் வந்தால் சாமான் வாங்கி வைக்கும் பழக்கம், களனி கங்கை கடலில் கலக்கும் இந்த மூலையில் பெரியவர்களை இன்னும் விடவில்லை. அதற்கான காரணத்தை 1977இல் தேட வேண்டும்.

சென்ற வாரம் கென்யாவைப் பார்த்தோம். அங்கே 2007 டிசம்பரில் வெற்றியைத் திருடிவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் நாடு பற்றி எரிந்தது. 1,100க்கும் அதிகமானோர் மாண்டனர். இலங்கையின் கதை வேறு. இங்கே முடிவில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

1977 யூலை 21இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. கிடைத்த வாக்கோ பாதியைச் சற்றே தாண்டியது. ஆட்சியை இழந்த சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்கள். தனிநாட்டுக் கோரிக்கையோடு நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

முதலில் அடி வாங்கியவர்கள் தோற்ற கட்சியின் ஆதரவாளர்கள். அடுத்து தமிழர்கள். ஆகஸ்ட் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் ஒரு களியாட்ட விழாவில் பொலிஸாருடன் ஏற்பட்ட தகராறு, வதந்தியாகத் தெற்குக்கு வந்து சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொழும்புத் தமிழர்கள் முகாம்களில் தஞ்சமடைந்து, கப்பலேறி வடக்கே போனார்கள். மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வவுனியாப் பக்கம் குடியேறினார்கள். பிரதமர் ஜே.ஆர். ஜயவர்த்தனவோ, சண்டை வேண்டுமென்றால் சண்டைதான் என மக்கள் சொல்வதாகப் பாராளுமன்றத்தில் பேசினார்.

முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. 1980இல் அறிக்கையும் வந்தது. அதன் பிறகு வந்ததுதான் 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். 1977 ஆகஸ்ட் 1 முதல் 31 வரை, ஒழுங்கை நிலைநாட்ட நல்லெண்ணத்தோடு செய்த காரியம் என்றால், அமைச்சர், அதிகாரி, படையினர் எவர்மீதும் வழக்குப் போட முடியாது. நாள்காட்டியில் ஒரு மாதத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக் கொடுத்த மன்னிப்பு அது.

கென்யாவிலும் பெரிய தலைகள் தண்டனை பெறவில்லை. ஹேக் நீதிமன்ற வழக்குகள் நொறுங்கிப்போயின. ஆனால் 2010இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் ஜனாதிபதித் தேர்தல் முடிவையே ரத்துச் செய்தது.

இலங்கை எதிர்த்திசையில் நடந்தது. 1988இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, விலக்கை அவ்வாண்டு டிசம்பர் 16 வரை நீட்டினார்கள். ஒரு மாதம் பதினொரு ஆண்டுகளாயிற்று. 1983 யூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையும் அதற்குள் அடங்கிவிட்டது.

(அடுத்த வாரம்: 1982 டிசம்பர் 22 – குடமும் விளக்கும்)