கரிசலில் 'மல்லி' என்றால் வேறு... குளிர்கால பெர்ஃப்யூம் பாட்டிலுக்குள் இருப்பது எந்த மல்லி?

புதூர் பஜாரில் நின்று "மல்லி என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். பூக்கடையைக் காட்ட மாட்டார்கள், கமிஷன் கடையைத்தான் காட்டுவார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் என்று நீளும் கரிசல் காட்டில் மல்லி என்றால் குழம்புக்கு வறுத்து அரைக்கிற கொத்தமல்லி விதை. தலையில் வைக்கிற மல்லி இங்கே மதுரை, அருப்புக்கோட்டை பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பூ.

இந்த இரண்டு மல்லிக்கும் சம்பந்தமே இல்லைன்னுதான் நானும் நினைச்சிட்டு இருந்தேன். ஒரு பெர்ஃப்யூம் பாட்டில் அந்த நினைப்பை மாத்திடுச்சு.

டிசம்பர் வந்தால் போதும், ஷாப்பிங் ஆப்களில் "குளிர்கால மாலைக்கு" என்று ஒரு வரிசை வந்துவிடும். பெரும்பாலும் வெனிலாவும் வெள்ளைப் பூவும் கலந்த பெர்ஃப்யூம். விலை சில ஆயிரங்கள், வெளிநாட்டு பிராண்ட் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். அட்டைப்படத்தில் மல்லிகை மொட்டு. அந்தக் காசுக்கு உண்மையிலேயே மல்லிகை வருதா? பூ பறிக்கிறவங்களுக்கு இதில் என்ன கிடைக்குது?

குளிருக்கு ஏன் வெனிலா?

வாசனை என்பது ஆவியாகி மூக்கை எட்டும் மூலக்கூறுகள்தான். எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனைகள் வேகமாகப் பறந்துவிடும். வெனிலாவின் முக்கியப் பொருளான வெனிலின் மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால் தோலிலும் துணியிலும் பல மணி நேரம் தங்கும்.

வெயிலில் இது திகட்டும். குளிர் காற்றில் எல்லா வாசனையும் கொஞ்சம் அடங்கிவிடுவதால், இந்த மாதிரி கனமான இனிப்பு வாசனைதான் தாக்குப்பிடிக்கும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் தெரு வழியா மாலையில் நடந்திருக்கீங்களா? அந்தச் சூடான இனிப்பு வாசனை குளிருக்கு இதமா இருக்கும் இல்லையா, அதேதான்.

வெனிலா எங்கிருந்து வருது?

வெனிலா, மெக்சிகோ பக்கத்தில் தோன்றிய ஒரு ஆர்க்கிட் கொடியின் காய். அதன் பூ ஒரே ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். வேறு நாடுகளில் நட்டபோது கொடி வளர்ந்தது, காய் பிடிக்கவில்லை. 1841-ல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு சிறு குச்சியால் பூவைக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டுபிடித்தான். உலக வெனிலா விவசாயம் இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறது. பச்சைக் காய்க்கு அந்த வாசனை கிடையாது. மாதக்கணக்கில் பதப்படுத்திய பிறகுதான் வரும்.

இவ்வளவு வேலை இருப்பதால்தான் அதற்கு மாற்று வந்தது. 1874-ல் டீமன், ஹார்மன் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் பைன் மரத்தில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து வெனிலினைத் தயாரித்தார்கள். இன்று உலகில் புழங்கும் வெனிலினில் பெரும்பகுதி கொடியில் காய்த்தது இல்லை, ஆலையில் செய்தது. 1925-ல் வந்த கெர்லைன் நிறுவனத்தின் புகழ்பெற்ற 'ஷாலிமார்' பெர்ஃப்யூமிலும் எத்தில் வெனிலின் என்ற ஆய்வகப் பொருள்தான் முக்கியப் பங்கு. அதனால் செயற்கை என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை.

வெள்ளைப் பூ வாசனை என்றால்?

மல்லிகை, பிச்சி, சம்பங்கி மாதிரி மாலையிலும் இரவிலும் மணம் வீசும் பூக்களைத்தான் பெர்ஃப்யூம் உலகம் இந்தப் பெயரில் சேர்க்கிறது. இந்த மணத்துக்குள் ஒரு வில்லனும் உண்டு, பெயர் இண்டோல். அதைத் தனியாக, அதிகமாக முகர்ந்தால் அந்துருண்டை, கழிவு நாற்றம் எல்லாம் ஞாபகம் வரும். துளி அளவில் இருக்கும்போது அதுதான் பூவுக்கு அந்தக் கிறக்கத்தைக் கொடுக்கிறது. முதல் நாள் ராத்திரி வைத்த மல்லியைக் காலையில் கழற்றும்போது வருமே ஒரு கனத்த வாசம், அதில் இண்டோலின் கையும் இருக்கு.

வெனிலா இந்தக் காரத்தை மழுக்கி வழுவழுப்பாக்குகிறது. இந்த ஜோடி ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

பூ எப்படி பாட்டிலுக்குள் போகுது?

மல்லிகையைக் கொதிக்கவைத்து எண்ணெய் எடுத்தால் மணம் கெட்டுவிடும். அதனால் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து வாசனையை இழுக்கிறார்கள். கரைப்பானை நீக்கிய பின் மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும். அதன் பெயர் கான்கிரீட் (வீடு கட்டுகிற கான்கிரீட் இல்லை!). அதை ஆல்கஹாலில் சுத்தப்படுத்தி மெழுகைப் பிரித்தால் கிடைப்பது 'அப்சல்யூட்'. பெர்ஃப்யூமில் சேர்வது இதுதான்.

குண்டுமல்லியை மொட்டாகத்தான் பறிப்பார்கள். பறித்த பிறகும் மொட்டு மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இரவில் அது விரிந்த பிறகுதான் ஆலையில் வேலை ஆரம்பிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 1,000 கிலோ குண்டுமல்லி போட்டால் கிடைக்கும் கான்கிரீட் இரண்டு கிலோவைத் தொடுவதே கஷ்டம். நம்ம பக்கம் பிச்சி என்றும் மற்ற ஊர்களில் ஜாதிமல்லி என்றும் சொல்கிற பூவில் சுமார் மூன்று கிலோ. அப்சல்யூட் இதைவிடக் குறைவு. அதனால் பல பாட்டில்களில் ஆய்வக மல்லிகை மணம்தான் முழுசா இருக்கும். விலை உயர்ந்த சிலவற்றில் அதோடு கொஞ்சம் நிஜப் பூவும் சேரும்.

குளிர்கால சென்ட், கோடைப் பூ

முக்கியமான விஷயம் இதுதான். மல்லிகை கோடைப் பூ. பனி விழுந்தால் மொட்டு வராது. மார்கழி, தை மாதங்களில் வரத்து சுருங்கி, முகூர்த்த நாள் என்றால் மதுரையில் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது வழக்கம். அந்த விலைக்கு ஆலைகள் வாங்காது.

கோடையில் நிலைமை தலைகீழ். பூ கொட்டும், விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கும், சில நாள் பறிப்புக் கூலிக்கே கட்டாது. கோவை, சத்தியமங்கலம் பக்கமுள்ள வாசனை ஆலைகள் அப்போதுதான் அதிகம் கொள்முதல் செய்யும். அதாவது, நாம் டிசம்பரில் பூசிக்கொள்ளும் மல்லிகை, விலை விழுந்த ஒரு கோடை நாளில் விற்ற பூ.

விவசாயிக்கு இது நல்லதா, கெட்டதா? இரண்டும்தான். ஆலை இல்லாவிட்டால் மிஞ்சிய பூ குப்பைக்குப் போகும். ஆனால் பூவுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும், விலையைக் காக்காது.

சரி, கரிசல் மல்லி எங்கே வருது?

மல்லிகை மணத்தில் லினலூல் என்று ஒரு பொருள் முக்கியம். கொத்தமல்லி விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் பாதிக்கும் மேல் இருப்பது இதே லினலூல்தான். பெர்ஃப்யூம் தயாரிப்பில் கொத்தமல்லி எண்ணெய்க்கு ரொம்ப காலமாகவே இடம் உண்டு. ஆக, நம்ம இரண்டு மல்லியும் மூலக்கூறு அளவில் உறவுக்காரங்க!

ஐப்பசி மழையை நம்பி விதைத்து, அதன் பிறகு கரிசல் மண் பிடித்துவைத்த ஈரத்திலும் பனியிலும் வளர்கிற பயிர் இது. பூவுக்கு இல்லாத ஆதரவு விலை இதற்கும் இல்லை. மழை தப்பினால் விளைச்சல் போச்சு, நல்லா விளைந்தால் விலை போச்சு.

வாங்கும்போது கவனிக்க

* அட்டையில் மல்லிகைப் படம் இருப்பதால் பூ இருக்குன்னு அர்த்தமில்லை. 'நோட்' என்று எழுதியிருப்பது மணத்தைத்தான் சொல்கிறது, மூலப்பொருளை அல்ல.
* பேப்பர் துண்டில் முகர்ந்து முடிவெடுக்காதீங்க. மணிக்கட்டில் அடித்து இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்க. வெனிலா அப்போதுதான் முழுசா தெரியும்.
* ஐரோப்பியக் குளிருக்குச் செய்தது நம்ம ஊர் மார்கழிக்கு அதிகம். ஒரு ஸ்ப்ரே போதும், அதுவும் மாலையில். கூட்டமான பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவரையும் நினைச்சுக்கோங்க.
* முதல் முறை என்றால் முழங்கை உட்புறத்தில் சோதித்துப் பாருங்க. லினலூல் உள்ளிட்ட சில வாசனைப் பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

தை மாதம் விளாத்திகுளத்திலிருந்து புதூருக்கு பஸ்ஸில் போனால் ஜன்னலைத் திறந்து வைங்க. இரண்டு பக்கமும் மல்லிக்காடு வெள்ளையாகப் பூத்திருக்கும். குளிர்கால மாலைக்கான வெள்ளைப் பூ வாசனை அங்கே பஸ் டிக்கெட் காசுக்கே கிடைக்கும்.