மணற்கடிகாரத்தைச் சுமக்கும் கல்

உள்ளங்கையில் அடங்கிவிடும் பழுப்புநிறப் படிகம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், நடுவில் மணலால் ஆன ஓர் உருவம் தெரிகிறது. இரு பக்கமும் அகன்று, இடையில் ஒடுங்கி, அச்சு அசல் மணற்கடிகாரம்! யாரும் செதுக்கியதல்ல, தானாகவே அமைந்தது. கல் சேகரிப்பதில் பழக்கமுள்ளவர்கள் இதைப் பார்த்ததுமே பெரும்பாலும் ஊரைச் சொல்லிவிடுவார்கள்: அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் பிளெயின்ஸ்.

பொருள் என்னவோ நமக்குப் பழகியதுதான். ஜிப்சம்! வீட்டு சீலிங் பலகைக்குள் இருப்பதும், எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டும் இதிலிருந்து வருபவையே. நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையான கனிமம் இது. ஒளி ஊடுருவும் படிகமாக வளரும்போது இதற்கு ‘செலினைட்’ என்று பெயர். நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

ஒரு காலத்தில் அந்த நிலப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. கடல் போய்விட்டது, உப்பு மண்ணுக்கடியில் தங்கிவிட்டது. இன்றும் நிலத்தடி நீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே கசிகிறது. வெயிலில் நீர் ஆவியாக, தரை முழுவதும் வெள்ளை உப்புப் படலம். அதற்குக் கீழே, சுமார் இரண்டடி ஆழத்துக்குள், ஈர மணலில் படிகங்கள் வளர்கின்றன. வளரும்போது படிகத்தின் சில முகங்கள் மட்டும் சுற்றியுள்ள மணலையும் களிமண்ணையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. படிகம் பெரிதாகப் பெரிதாக அந்த மணல் பகுதியும் விரிந்துகொண்டே போகிறது. மணற்கடிகாரம் உருவாவது இப்படித்தான்.

இந்தப் படிகத்தை 2005இல் ஒக்லஹோமா தனது மாநிலப் படிகமாக அறிவித்தது. அதைத் தேடி எடுக்கப் பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு. குடும்பம் குடும்பமாக மண்வெட்டியோடு வருகிறார்கள். குழி தோண்டி, அதில் ஊறும் நீரை ஓரங்களில் மெல்லத் தெளித்தால் மணல் கரைந்து படிகம் தலைகாட்டும். அவசரப்பட்டு இழுத்தால் உடைந்துவிடும். ஈரத்தில் அது மிகவும் பலவீனமாக இருக்கும். காற்றிலும் வெயிலிலும் உலரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பொறுமையைக் கற்றுத்தர இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

ஆனால், இஷ்டம்போல் அள்ளிக்கொண்டு போக முடியாது. அந்த இடம் 1930இல் அமைக்கப்பட்ட வனவிலங்குப் புகலிடம். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரை மட்டுமே தோண்டலாம். எடுப்பதற்கு எடை வரம்பு உண்டு. அதுவும் சொந்தச் சேகரிப்புக்கு மட்டுமே. படிகங்கள் மீண்டும் வளர அவகாசம் தருவதற்காகத் தோண்டும் பகுதியையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

அக்டோபரோடு நிறுத்துவதற்குக் காரணம் ஒரு பறவை. ‘வூப்பிங் கிரேன்’ எனும் அரிய வகைக் கொக்குகள் வலசை போகும் வழியில் இளைப்பாற இங்கே இறங்குகின்றன. 1940களின் தொடக்கத்தில் இருபது சொச்சமாகச் சுருங்கி, அழிவின் விளிம்புவரை போய் மீண்ட இனம் அது. அவை வரும் நேரத்தில் மனிதர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

இந்த உப்புவெளி இன்னொன்றையும் ஒளித்து வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இது குண்டுவீச்சுப் பயிற்சிக் களம். இராணுவம் விட்டுச்சென்ற இரசாயனக் குப்பிகள் 2007இல் மண்ணுக்குள் கண்டெடுக்கப்பட்டபோது, தோண்டும் பணி உடனே நிறுத்தப்பட்டது. இடத்தைச் சுத்தம் செய்த பிறகே மக்கள் மறுபடி அனுமதிக்கப்பட்டார்கள்.

இன்று இணையக் கடைகளில் ‘செலினைட்’ என்ற பெயரில் விளக்குகளும் கோபுரங்களும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பலவும் நார்நாராக அமைந்த வேறொரு வகை ஜிப்சம். அதுவும் அழகுதான். ஆனாலும் அனுபவமுள்ள சேகரிப்பாளர் விலையைக் கேட்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்பார்: எந்த ஊர்? எப்படி எடுத்தது? பதில் கிடைத்ததும் ஒரு சிறு சீட்டில் எழுதிக் கல்லோடு வைத்துவிடுவார். சீட்டு தொலைந்தால் பெரும்பாலான கற்கள் ஊர் தெரியாத அநாதைகள்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கல் சேர்க்கத் தொடங்கியிருந்தால், பெட்டி வாங்கித் தருவதற்கு முன் ஒரு பேனாவும் சில சீட்டுகளும் கொடுங்கள்.