எட்டு விநாடி மௌனம்

மளிகைக் கடைக்குப் போய், "அரைக் கிலோ துவரம் பருப்பு கொடுங்கள்" என்று கேட்கிறோம். கடைக்காரர், "இதோ, அம்மா!" என்று குரல் கொடுத்துவிட்டால் போதும். பருப்பு கைக்கு வர ஐந்து நிமிஷம் ஆனாலும் நிற்கிறோம். ஆனால், அவர் பதிலே சொல்லாமல், நம் முகத்தையே பார்த்துக்கொண்டு எட்டு விநாடி நின்றால்? ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எட்டு வரைக்கும் எண்ணிப் பாருங்கள். ஐந்தாவது எண்ணுக்குள் கால் அடுத்த கடையைப் பார்த்துத் திரும்பிவிடும்.

2013-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படி ஒரு மௌனத்தின் எதிரே உட்கார்ந்திருந்தன. அடுத்த கடைக்குப் போகலாமென்றால், அடுத்த கடை கிடையாது. அது சர்க்கார் கடை!

அந்த நாட்டில் வைத்தியச் செலவு யானை விலை, குதிரை விலை. இன்ஷ்யூரன்ஸ் இல்லாதவர் ஆஸ்பத்திரிப் படி ஏறினால், இறங்கும்போது கடனாளியாகத்தான் இறங்குவார். சரி, இன்ஷ்யூரன்ஸ் எடுத்துக் கொள்ளலாமே என்றால், "உனக்கு ஏற்கெனவே நீரிழிவு இருக்கிறது, உனக்கு முன்பே புற்றுநோய் வந்திருக்கிறது" என்று சொல்லிக் கம்பெனிகள் கதவைச் சாத்திவிடலாம். யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்குக் கிடையாது! இதை மாற்றுவதற்காக ஜனாதிபதி ஒபாமா 2010-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 2014 ஜனவரி 1 முதல் அப்படி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்தக் கம்பெனி என்ன விலைக்குத் தருகிறது என்று பார்த்து வாங்குவதற்கு, 'ஹெல்த்கேர் டாட் கவ்' என்று ஒரு வெப்ஸைட் ஏற்பாடாயிற்று. முப்பத்தாறு மாகாணத்து ஜனங்களுக்கு அதுதான் சந்தை. ஜனவரி முதல் தேதியே பாதுகாப்பு வேண்டுமென்றால், டிசம்பர் 23-க்குள் வாங்கியாக வேண்டும்.

2013 அக்டோபர் 1-ம் தேதி சந்தை திறந்தது. முதல் இருபத்துநாலு மணி நேரத்தில் 47 லட்சம் பேர் எட்டிப் பார்த்தார்கள். அன்று முடிவில் இன்ஷ்யூரன்ஸ் வாங்கி முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறாயிரமா? அறுநூறா? இல்லை, அம்மா. ஆறே ஆறு பேர்! இரண்டாம் நாள் முடிவில் அது 248 ஆயிற்று.

டெலிபோனில் சொல்லலாம், காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்றும் வழி இருந்தது. ஆனால் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்ட குமாஸ்தாவும் கடைசியில் அதே கம்ப்யூட்டரிடம்தானே போய் நிற்க வேண்டும்!

"எதிர்பாராத கூட்டம்" என்றார்கள் அதிகாரிகள். ஒரே சமயத்தில் ஐம்பது, அறுபதினாயிரம் பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் இரண்டரை லட்சம் பேர் வந்துவிட்டார்களாம். இது பாதி நிஜம். மற்றப் பாதி என்னவென்றால், திறப்பதற்குச் சில நாள் முன்னால் சோதனை செய்தபோது, சில நூறு பேருக்கே அது தடுக்கி விழுந்திருந்தது. ஐந்நூறு பேர் பந்தியில் சாம்பார் போதாமற்போனால் கூட்டத்தைக் குறை சொல்லலாம். ஐந்து பேருக்கே போதவில்லையென்றால் சமையற்கட்டைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

சமையற்கட்டில் என்ன நடக்கிறது?

ஸர்வர் என்றால் பரிமாறுகிறவர். இந்தக் கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. நாம் வீட்டில் பொத்தானைத் தொட்டவுடன், முதலில் அந்த வெப்ஸைட்டின் விலாசம் எது என்று விசாரணை நடக்கிறது. பிறகு, நம்முடைய யந்திரமும் அந்த ஸர்வரும் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்கின்றன. அதன் பிறகே நம்முடைய கோரிக்கை உள்ளே போகிறது. ஸர்வர் சும்மா இருப்பதில்லை. தகவல்கள் அடுக்கி வைத்திருக்கும் களஞ்சியத்துக்கு ஓடுகிறது, வேண்டியதை எடுக்கிறது, இலை போட்டுப் பரிமாறுகிறது. நாம் கேட்டதிலிருந்து முதல் பருக்கை இலையில் விழுகிற வரையில் ஆகும் நேரம்தான் 'ஸர்வரின் மறுமொழி நேரம்'. இப்போது கூகிள் நிபுணர்கள் முதல் பருக்கைக்கு 0.8 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள்.

"தூரம் அதிகமாயிருக்கும், அதனால்தான் தாமதம்" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. எட்டு விநாடியில் பதினாறு லட்சம் கிலோமீட்டர். அதாவது, சந்திரனுக்குப் போய்த் திரும்பி, ஏதோ மறந்துவிட்டோமென்று மறுபடியும் ஒரு தரம் போய்த் திரும்பலாம்! அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் ஸர்வருக்கு எட்டு விநாடி ஆவதற்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை. நேரமெல்லாம் சமையற்கட்டில்தான் போயிருக்கிறது.

இந்த எட்டு விநாடி மனிதர்களை என்ன செய்கிறது என்பதை ஜேக்கப் நீல்ஸன் என்ற நிபுணர் 1993-ம் வருஷமே எழுதி வைத்திருக்கிறார். பதில் பத்தில் ஒரு விநாடியில் வந்தால், உடனே வந்ததாகத் தோன்றும். ஒரு விநாடி வரையில் சிந்தனை அறுபடாது. பத்து விநாடி ஆனால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். அடுப்பில் பால் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்மணியின் மனம் அதற்கு முன்பே போய்விடும் என்பது என் அபிப்பிராயம். திரும்பி வந்து அவள் பொத்தானை மறுபடி அழுத்துவாள். பாவம், ஸர்வருக்கு அது இன்னொரு புதுக் கோரிக்கை! தாமதம் கூட்டத்தைப் பெருக்க, கூட்டம் தாமதத்தைப் பெருக்குகிறது.

டிகாக்ஷன் உபாயம்

அக்டோபர் மூன்றாவது வாரத்தில் ஜெஃப்ரி ஜயண்ட்ஸ் என்பவரை இந்த வேலைக்குப் பொறுப்பாக்கினார்கள். அவர் கம்ப்யூட்டர்காரர் அல்ல, நிர்வாகம் தெரிந்தவர். வந்து சேர்ந்தவர்களில் மைக்கி டிக்கர்ஸன் என்பவர் கூகிளில் யந்திரங்கள் நின்றுபோகாமல் பார்த்துக் கொண்டிருந்தவர். உள்ளே நுழைந்ததும் அவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட காண்டிராக்டர்கள். ஆனால் முழுவதற்கும் பொறுப்பாளி என்று ஒருவரும் இல்லை. அதைவிட ஆச்சரியம், தளம் ஓடுகிறதா, திணறுகிறதா என்று ஒரே பார்வையில் காட்டும் அளவுப் பலகைகூட இல்லை! ஜுரம் என்று படுத்தவருக்குத் தெர்மாமீட்டர் வைக்காமலே மூன்று வாரம் கஷாயம் கொடுத்துக் கொண்டிருந்தார்கள்.

முதலில் தெர்மாமீட்டர் வைத்தார்கள். பக்கம் ஒன்று வருவதற்கு எட்டு விநாடி என்று தெரிந்தது. அடுத்துச் செய்ததை நம் வீட்டு அம்மாமார்கள் கேட்டால், "இதற்கா இத்தனை நிபுணர்கள்?" என்று சிரிப்பார்கள். காப்பி கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொட்டை வறுத்து, அரைத்து, வடிகட்டினால் எப்படியிருக்கும்? அந்த ஸர்வர் அப்படித்தான் செய்து கொண்டிருந்தது. எல்லோரும் அடிக்கடி கேட்கிற தகவலுக்கும் ஒவ்வொரு தரமும் களஞ்சியத்துக்கு ஓடியது. அப்படிப்பட்ட தகவல்களை எடுத்து, டிகாக்ஷன் இறக்கி வைப்பதுபோல், கைக்கெட்டும் இடத்தில் தனியாக வைத்தார்கள். 'காஷ்' என்று இதற்குப் பெயர். எட்டு விநாடி, ஒரே இராத்திரியில் இரண்டு விநாடியாகக் குறைந்தது.

ஆனால் எதை இறக்கி வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான விலைப் பட்டியலை வைக்கலாம். ஒருவருடைய வருமானக் கணக்கை வைத்தால், அது அடுத்தவர் இலையில் போய் விழுந்துவிடும்! விலை மாறினால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக இறக்கவும் வேண்டும்.

வாசலிலும் ஒரு கோளாறு இருந்தது. பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் கொடுத்துக் கணக்குத் திறந்த பிறகுதான் விலையையே பார்க்க முடியும் என்று வைத்திருந்தார்கள். ஜவுளிக் கடை வாசலில் ஜாதகத்தைக் காட்டினால்தான் புடவை விலை சொல்வேன் என்றால், உள்ளே எத்தனை சுறுசுறுப்பாகப் பரிமாறி என்ன பிரயோஜனம்? சும்மா விலை பார்க்க வந்தவர்களும் அந்த ஒரே வாசலில் நெருக்கியடித்தார்கள். பிறகு, கணக்குத் திறக்காமலே விலை பார்க்க வழி விட்டார்கள். நெரிசல் மிஞ்சினால், "இப்போது கூட்டமாயிருக்கிறது, குறைந்தவுடன் ஈமெயில் போடுகிறோம்" என்று சொல்லி அனுப்பவும் ஏற்பாடு செய்தார்கள். என்னைக் கேட்டால், பதில் சொல்லாத எட்டு விநாடியைவிடப் பதில் சொல்லிக் காக்கவைக்கிற ஒரு மணி எவ்வளவோ மேல்.

தினம் இரண்டு வேளை கூட்டம் போட்டார்கள். பதவி பெரியவர் பேசக் கூடாது, விஷயம் தெரிந்தவர் பேசலாம். பழி சுமத்துவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது டிக்கர்ஸன் வைத்த விதி. புது யந்திரங்களும் வந்தன. நானூறுக்கு மேற்பட்ட பிழைகளைத் திருத்தினார்கள். டிசம்பர் 1-ம் தேதி கணக்குச் சொன்னபோது, மறுமொழி நேரம் ஒரு விநாடிக்குள் வந்திருந்தது. ஒரே சமயத்தில் ஐம்பதினாயிரம் பேர், ஒரு நாளைக்கு எட்டு லட்சம் பேர் வந்து போகலாம் என்றார்கள்.

புடவையோ ஊறுகாயோ இண்டர்நெட்டில் விற்கிற சகோதரிகள், "நம் பக்கம் மெதுவாகத் திறக்கிறதே, பெரிய ஸர்வராக வாங்கிவிடலாமா?" என்று கேட்பதுண்டு. வாங்குவதற்கு முன்னால், தெர்மாமீட்டர் வைத்தாயிற்றா என்று உங்கள் கம்ப்யூட்டர்காரரைக் கேளுங்கள். களஞ்சியத்தில் அகர வரிசையில்லாமல் பெயர்களைக் கொட்டி வைத்திருந்தால், எத்தனை பெரிய ஸர்வரானாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டித்தான் ஆகவேண்டும். வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை போட்டால் காரியம் முடிந்தது; செலவு சொற்பம்.

அக்டோபர் முழுவதும் அந்தச் சர்க்கார் சந்தையில் வாங்கி முடித்தவர்கள் 26,794 பேர்தான். 2014 மார்ச் 31-ம் தேதி அந்த வருஷத்துக்குக் கடைசி நாள். அன்று காலையில் மறுபடியும் சில மணி நேரம் தளம் படுத்துவிட்டது. மத்தியானம் புதிதாகக் கணக்குத் திறப்பதும் சிறிது நேரம் நின்றது. இந்தத் தடவை அளவுப் பலகை இருந்தது, பார்க்க ஆள் இருந்தார்கள். ஏப்ரல் நடுவில், தாமே சந்தை நடத்திய மாகாணங்களையும் சேர்த்து, எண்பது லட்சம் பேர் என்று ஜனாதிபதி அறிவித்தார்.