கடையே இல்லாத உலகம்



காசு இல்லை, விலை இல்லை, கடன் இல்லை, கடையும் இல்லை. வாரத்தில் நாலு நாள், நாளுக்கு நாலு மணித்தியாலம் வேலை. 45 வயதில் ஓய்வு. மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஆனால் இது புதுச் சரக்கல்ல. 90 வருடத்துக்கு முன்னரே அமெரிக்காவில் அமோகமாக விலைபோனது.

அதன் பெயர் டெக்னோக்ரசி. அரசியல்வாதிக்கும் முதலாளிக்கும் பதிலாகப் பொறியியலாளர்கள் நாட்டை நடத்த வேண்டும் என்பதே அதன் கொள்கை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பொறியியலாளர் 1919இல் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில் நியூயோர்க்கில் ஹோவர்ட் ஸ்கொட் என்பவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, அமெரிக்கத் தொழில்கள் எவ்வளவு சக்தியைச் செலவிடுகின்றன என்று கணக்கெடுக்கத் தொடங்கினார். அன்று அவரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1929இல் பங்குச் சந்தை விழுந்தது. சில வருடங்களில் அந்நாட்டில் உழைப்பாளர்களில் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. பொருள் குவிந்து கிடந்தது, வாங்க ஆளில்லை. 1932இல் ஸ்கொட்டின் ஆய்வு கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நடந்தபோது பத்திரிகைகள் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. பொருளும் இயந்திரமும் இருக்கின்றன, குறுக்கே நிற்பது விலைதான், அதை ஒழிப்போம் என்பது அவர் வாதம்.

விலைக்குப் பதில் என்ன? நாட்டின் மொத்தச் சக்தியைக் கணக்கிட்டு, அதை எல்லோருக்கும் சமமாகச் சான்றிதழாகப் பங்கிடுவார்கள். ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு சக்தி செலவானதோ, அவ்வளவு சான்றிதழில் கழிக்கப்படும். அதைச் சேமிக்க முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேமிக்க முடியாத, கைமாற்ற முடியாத ஒன்றை வைத்து ஸகாத் எப்படிக் கொடுப்பது? பக்கத்து வீட்டுக்காரனின் அவசரத்துக்கு எப்படி உதவுவது? வட்டி ஒழியும், உண்மைதான். ஆனால் அதோடு கொடையும் ஒழிந்துபோகும்.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. 1933 ஜனவரியில் ஸ்கொட் வானொலியில் ஆற்றிய உரை எடுபடவில்லை. அவருடைய பொறியியல் தகைமையே கேள்விக்குள்ளானது. பல்கலைக்கழகம் ஒதுங்கிக்கொண்டது. ரூஸ்வெல்டின் நிவாரணத் திட்டங்கள் வந்ததும் மக்களும் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் சாம்பல் நிற உடுப்போடு இயக்கம் நடத்தினார்கள். கனடா அதை 1940இல் தடைசெய்தது. அந்நாட்டில் இயக்கத்தை முன்னின்று நடத்திய ஜோஷுவா ஹோல்ட்மன் என்பவரின் மகள் வழிப் பேரன்தான் இன்றைய எலோன் மஸ்க்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை, அப்புத்தளைக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நமக்கும் இப்படியொரு கனவு விற்கப்பட்டது. 2019 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ‘வியத்மக’ என்ற பெயரில் கல்விமான்களும் தொழில்வல்லுநர்களும் திரண்டார்கள். தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட சமூகம் என்பது கோட்டாபய ராஜபக்ஷவின் கொள்கைப் பிரகடனத்தில் ஒரு முக்கிய அம்சம். இயற்கைப் பசளைக்கு மாறுவதும் அதில் இருந்தது, பத்து வருடத்தில் என்று.

பத்து வருடம் ஒரே இரவாகச் சுருங்கியது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தும் கேட்கப்படவில்லை. நிபுணர்களின் காலம் என்றார்கள், ஆனால் துறை தெரிந்த நிபுணனுக்கே இடமில்லை. நவம்பரில் தடை நீங்கியபோது காலம் கடந்திருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. டொலர் தட்டுப்பாடும் டீசல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன.

எனக்கு இது புள்ளிவிபரத்தில் தெரியவில்லை, கடன் கொப்பியில் தெரிந்தது. கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேர் விழும். அரைப் பேர் விழுந்தால் மாவும் பருப்பும் கடனில் போகும். மரக்கறிக்காரரும் அப்படியே. கொழும்பில் யாரோ போட்ட கணக்கின் விடை என் கொப்பியில் வந்து விழுந்தது.

நம் சமூகத்துக்கு இன்னொரு வடுவும் உண்டு. 2020இல் ஜனாஸாக்களை எரித்ததும் நிபுணர் குழுவின் பெயரால்தான். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2021 பெப்ரவரி வரை காத்திருந்தோம்.

அதற்காகத் தொழில்நுட்பத்தைத் தூற்றுவது நியாயமல்ல. 2022இல் எரிபொருள் வரிசையில் நாள்கணக்கில் கிடந்தோமே, அந்த வரிசையைக் குறைத்தது கியூஆர் அட்டைதான். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். யோசித்துப் பார்த்தால் அது ஸ்கொட்டின் சான்றிதழுக்குத் தம்பி. தட்டுப்பாட்டுக் காலத்துக்கு அது உதவியது, 2023 செப்டெம்பரில் முடித்துக்கொண்டார்கள். கருவியாக வந்தது பயன் தந்தது, எஜமானாக வந்தது நாசம் செய்தது.

மதீனாவில் பேரீச்சை மரங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்துவந்தவர்களிடம், அது தேவையில்லை என நினைப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவர்கள் விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. அப்போது, உங்கள் உலக விவகாரத்தை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்ன செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. அல்லாஹ்வின் தூதரே தொழில் தெரிந்தவனின் அனுபவத்தை அங்கீகரித்தார்கள் என்றால், திட்டம் போடும் மற்றவர்கள் எம்மாத்திரம்?

நாளை உங்கள் கடைக்கும் ஒருவர் வருவார். கணினி வையுங்கள், கணக்கை அதுவே பார்க்கும், சரக்கை அதுவே எடுக்கும் என்பார். கணினியைத் தாராளமாக வையுங்கள். ஆனால் எந்த லயத்தில் எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற முடிவை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.