மாதேஸ்வரன் மலையடியில் ஒரு திபெத்துக் குடும்பம்

சேலம், ஈரோடு, தருமபுரி மாவட்டத்து மக்களுக்கு மாதேஸ்வரன் மலை அயலூர் அன்று. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகச் சென்று பாலாற்றைத் தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாற்றி அமைக்கப்படும்வரை, இம்மலை அன்று அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. புலியேறிய மாதேஸ்வரனை வணங்கிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறவர்கள்தாம் நம்மில் பலர். மறுபக்கம் இறங்கி, ஹனூரைக் கடந்து, பிளிகிரிரங்கன் மலைப்பக்கமாகச் சென்றால் ஒரு புதுமையைக் காணலாம். மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே வீடுகள். வீட்டின்மேல் காற்றில் ஆடும் ஐந்து நிறக் கொடிகள். திண்ணையில் செபமாலை உருட்டும் பாட்டிமார். ஊரின் பெயர் ஒடெயரபாளையா. நம் செவிக்கு அது உடையார்பாளையந்தான்! அங்கு வாழ்வோரோ திபெத்தியர்.

வேற்று நாட்டில் ஓராண்டு வாழ்ந்து திரும்பியவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். திரும்ப முடியாதவர்களுக்கு அந்த ஓராண்டு எத்தனை முறை வந்துபோகிறது! 1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அவரைப் பின்பற்றி ஏறத்தாழ 80,000 பேர் எல்லை கடந்தனர். முதலில் இமயமலைச் சாரலில் சாலை போடும் வேலையே அவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் மைசூர் அரசு இடம் தந்தது. 1960ஆம் ஆண்டின் முடிவில் பைலகுப்பையில் முதற் குடியிருப்புத் தொடங்கியது. பன்னீராயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்நாட்டில் வாழ்ந்தவர்கள், இங்கே வெப்பத்திலும் நோயிலும் காடு வெட்டினார்கள், பலர் மாண்டார்கள். கொள்ளேகால் வட்டத்துக் குடியிருப்பு 1974ஐ ஒட்டி எழுந்தது. தோண்டென்லிங் என்பது அதன் பெயர். அதன் சிற்றூர்களுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளே பெயராக நின்றுவிட்டன. அவசரத்தில் பெயர் வைத்தார்கள் போலும்.

இனி அங்கே ஒரு குடும்பத்தின் ஆண்டு எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். இது எந்த ஒரு வீட்டையும் சுட்டிச் சொல்வதன்று. பல வீடுகளின் பொதுநடை.

மழையை நம்பிய மேட்டுநிலம் அது. ஆகவே பெரும்பயிர் மக்காச்சோளம். கோடை மழையில் உழுது, பருவமழை தொடங்கும்போது விதைக்கிறார்கள். கதிர் முற்றும் காலத்தில் தூக்கம் போய்விடும். இருபுறமும் காடு, யானை ஒரு மலையிலிருந்து மறுமலைக்குப் போகும் வழியில்தான் இவர்கள் வயல். பரண் கட்டித் தகரம் தட்டி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். நம் பக்கத்துத் தாளவாடி உழவருக்கு இந்தத் துன்பத்தை விளக்கத் தேவையில்லை.

ஆனால் சோளம் மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றாது. ஐப்பசி பிறக்குமுன்பே கணவனும் மனைவியும் மூட்டை கட்டிவிடுகிறார்கள். லூதியானா மொத்த வணிகரிடம் கம்பளிச் சட்டைகளைக் கடனுக்கு எடுத்து, நகரந்தோறும் நடைபாதையில் கடை விரிக்கிறார்கள். விற்றுத் தீர்ந்த பின்னரே கடனை அடைப்பது. எழுத்தைவிட நாணயமே அங்கே பெரிது. உதகையில் தாவரவியல் பூங்காவின் அருகே இவர்களிடம் பேரம் பேசாத மாணவர் நம்மில் யார்? மூன்று நான்கு மாதம் வீட்டில் இருப்போர் கிழவரும் குழந்தைகளுந்தாம். அறுவடையில் பெரும்பகுதி அக்கம்பக்கத்து ஊர்க் கூலியாட்கள் கையில். அவர்களுள் தமிழ் பேசுவோரும் உண்டு. ஆகவே அங்குள்ள குழந்தைக்கு வீட்டில் திபெத்தியம், கடைத்தெருவில் கன்னடம், வயலில் கொஞ்சம் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும்.

உணவிலும் ஒரு மாற்றம் நேர்ந்துவிட்டது. வாற்கோதுமையை வறுத்து அரைத்த மாவு அவர்களுடைய பழைய உணவு. அதற்கு ‘சம்பா’ என்று பெயர். நம் சம்பா நெல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே. வாற்கோதுமை இங்கே விளைவதில்லை; வாங்கித்தான் ஆகவேண்டும். சோறும் பருப்பும் அன்றாடமாயின. உப்பும் வெண்ணெயும் கலந்து கடைந்த தேநீர் முதியோருக்கே உரியதாயிற்று. இளையோர் நம்மைப் போலச் சர்க்கரைத் தேநீர் குடிக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது ஒன்றுண்டு, அது காகிதம். நிலம் அரசினுடையது, குத்தகையே இவர்களுடையது. ஒவ்வொருவரும் அயல்நாட்டார் என்ற பதிவுச் சான்றை வைத்திருந்து, குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமைச் சட்டமோ, 1950 சனவரி 26 முதல் 1987 சூலை முதல் நாளுக்கு முன்வரை இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்கிறது. தில்லி உயர்நீதிமன்றம் 2010இல் இது திபெத்தியருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஒரே வீட்டில் 1986இல் பிறந்த அண்ணன் இந்தியன். 1988இல் பிறந்த தம்பி, பெற்றோர் இருவரும் ஏதிலியர் என்பதால், அயலான்! இருவரும் ஒரே சோளக்காட்டில் யானை விரட்டியவர்கள். அண்ணனுக்கும் எளிதன்று. கடவுச்சீட்டு வேண்டுமாயின் பதிவுச் சான்றைத் திருப்பித் தந்து, குடியிருப்பை விட்டு வெளியேறவும் வேண்டும் என்று 2017இல் நடுவண் அரசு நிபந்தனை விதித்தது. குடிமகன் ஆவதற்கு விலை வீடு.

தமிழராகிய நாம் இதனை வேற்றார் கதை என்று ஒதுக்க இயலாது. இதே மலைகளைத் தெற்கே இறங்கினால் பவானிசாகர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. 1983க்குப் பின் கடல் கடந்து வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் அமைந்தன. அரசு மாதந்தோறும் உதவித்தொகை தந்தது, கூரை தந்தது, ஆனால் உழுவதற்கு நிலம் தரவில்லை. திபெத்தியருக்குக் குத்தகையாகவேனும் நிலமும், கூட்டுறவுச் சங்கமும், தம் மொழி கற்கும் பள்ளியும் கிடைத்தன. இரண்டையும் ஒப்பிட்டால், வந்தாரை ஓர் அரசு விருந்தினராக வைத்திருப்பதற்கும் உழவராக வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு புலப்படும். திபெத்தியர் குடும்பம் ஐம்பது ஆண்டு சிதறாமல் நின்றதற்கு அந்த வயலே பெருங்காரணம் என்பது என் கருத்து.

அந்த வயலும் இப்போது ஆளின்றித் தவிக்கிறது. படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். ஊரில் முதியோர் மிகுகின்றனர். எல்லாரும் கூடும் நாள் திபெத்தியப் புத்தாண்டாகிய லோசார். தை அல்லது மாசி அமாவாசையை ஒட்டி வரும் அது, பல ஆண்டுகளில் சிவராத்திரிக்கு இரண்டு மூன்று நாள் பின்னே அமைகிறது; 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அப்படித்தான் வந்தது. அந்த நாட்களில் கொள்ளேகால் பேருந்து நிலையத்தில் கூட்டம் தாளாது. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் அடியார்கள் ஒரு பக்கம். பெட்டியோடு ஊர் திரும்பும் திபெத்திய இளைஞர்கள் மறுபக்கம். ஹனூர்வரை இருவருக்கும் ஒரே வழி.