கவுன்சிலரிடம் சொன்னது வீட்டுக்குப் போகுமா?

கல்லூரி மாணவர்கள் மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்கும்போது மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: நான் சொல்வது எச்.ஓ.டி. காதுக்கோ அப்பா காதுக்கோ போய்விடுமா? சொல்ல இருப்பதும் அப்படிப்பட்டதுதான். இன்ஜினியரிங் பிடிக்கவில்லை, வேறு சாதியில் காதல், சாமி நம்பிக்கை போய்விட்டது, தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பே நின்றுபோகலாம் என்ற பயம் பலருக்கு வெறும் கற்பனையில்லை.

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல்களை மருத்துவப் பணியாளர்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. ஃபீஸ் கட்டுவது அப்பாதான் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் ஒரு விலக்கைப் பலரும் கவனிப்பதில்லை. சிகிச்சை முடிவுகளில் உங்களுக்குத் துணைநிற்கும் 'நியமனப் பிரதிநிதி'க்கு, அவருடைய கடமைக்குத் தேவையான தகவலைத் தரலாம். நீங்கள் யாரையும் நியமிக்காவிட்டால், அந்த இடத்துக்குச் சட்டம் முதலில் உறவினரைத்தான் கொண்டுவரும். 18 வயது நிறைந்தவர் தனக்கு நம்பிக்கையான இன்னொரு வயதுவந்தவரை, அவர் எழுத்துமூலம் சம்மதித்தால், நியமித்துக்கொள்ளலாம். அக்காவோ நண்பரோ யாராகவும் இருக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். பிறகு மாற்றவும் செய்யலாம்.

சில கல்லூரிகளில் பாடம் நடத்துபவரே கவுன்சிலர் நாற்காலியிலும் உட்காருகிறார். இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் எதை மனம்விட்டுப் பேசுவது? மருத்துவப் பணியாளருக்கான ரகசியக் கடமை அவரையும் கட்டுப்படுத்தும் என்று நம்பிப் பேச்சைத் தொடங்க வேண்டாம். 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: உங்கள் தகுதி என்ன, குறிப்புகள் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள்? மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இன்னொரு ஆபத்து, 'பையனை மாற்றித் தருகிறேன்' என்பவர்கள். ஒருவர் ஊர் வழக்கத்துக்கும் சமூக ஒழுக்கத்துக்கும் ஒத்துப்போகாததை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்று இதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. பாலின ஈர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'க்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று 2022இல் அறிவித்தது. பெற்றோரே அழைத்துப்போனாலும் இது பொருந்தும். அப்படிச் செய்பவர் டாக்டராக இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். சிகிச்சையிடத்தில் ரகசியம் கசிந்தால் முதலில் அதன் பொறுப்பாளரிடம் எழுத்துமூலம் முறையிடுங்கள், தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம். தேதியோடு ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

இப்போதே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416. டெலி-மானஸ் என்ற அரசுச் சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது.