மரபணுவுக்குள் ஒரு பாஸ்வேர்ட்

கம்ப்யூட்டர் கேம்ஸ் என்றால் கார் ஓட்டுவதும் துப்பாக்கியால் சுடுவதும்தான் என்று பலரும் நினைக்கின்றனர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் முதலில் சொல்வது புதிர் கேம்ஸ் பற்றித்தான். இவற்றை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஒரு படமும் சில எழுத்துக்களும் இருக்கும். அதற்குள் ஒளிந்திருக்கும் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து டைப் செய்தால் அடுத்த பக்கம் திறக்கும். அவ்வளவுதான்.

அப்படி ஒரு கேமில் நாங்கள் நால்வர் சேர்ந்து உடைத்த ஒரு ரகசியக் குறியீட்டைப் பற்றி இங்கு எழுதுகிறேன். விடையையும் சொல்லப் போவதால் கேமின் பெயரைச் சொல்லவில்லை.

திரையில் முறுக்கிய ஏணி போல டி.என்.ஏ. படம். கீழே ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துக்கள் மாறி மாறி, இருநூறுக்கும் மேல். வேறு குறிப்பு எதுவும் இல்லை.

டி.என்.ஏ. என்பது நம் உடலின் பெரும்பாலான செல்களில் உள்ள செய்முறைக் குறிப்பு. அது இந்த நான்கு எழுத்துக்களால் ஆனது. செல் இதை மூன்று மூன்று எழுத்துக்களாகப் படிக்கிறது. நான்கு எழுத்துக்களை மூன்று இடங்களில் வைத்தால் 64 கூட்டுக்கள் கிடைக்கும். இவற்றில் 61 கூட்டுக்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. மீதி மூன்றும் ‘இங்கே நிறுத்து’ என்று சொல்பவை. ஒவ்வொரு அமினோ அமிலத்திற்கும் விஞ்ஞானிகள் ஓர் ஆங்கில எழுத்தை வைத்துள்ளனர். மெத்தியோனின் என்றால் எம், லூசின் என்றால் எல்.

ஆக, இந்த அட்டவணையை வைத்துக் கொண்டு டி.என்.ஏ.வில் ஆங்கிலம் எழுதலாம். ‘தமிழ்’ என்பதை ஆங்கிலத்தில் டி, ஏ, எம், ஐ, எல் என்று எழுதுகிறோம் அல்லவா? அது ஏசிடி, ஜிசிடி, ஏடிஜி, ஏடிடி, சிடிடி என்று வரும். டி.என்.ஏ.வின் ஏ வேறு, அட்டவணையில் விடையாக வரும் ஏ வேறு. முதலில் எல்லோரையும் குழப்புவது இதுதான்.

எங்கள் நால்வரில் ஒருவர் உயிரியல் படிப்பவர். ஒருவர் பள்ளி ஆசிரியர். இன்னொருவரை அவருடைய கேம் பெயரால் மட்டுமே தெரியும். அவர் எந்த எழுத்து அதிகமாக வருகிறது என்று எண்ணத் தொடங்கினார். சாதாரண ரகசியக் குறியீடுகளை உடைக்க இது நல்ல வழி. ஆங்கிலத்தில் இ என்ற எழுத்து அதிகம் வரும். எனவே அதிகம் வரும் குறியீடு இ ஆக இருக்கும். ஆனால் இங்கே அது எடுபடவில்லை. எல் என்ற ஒரே எழுத்தை ஆறு விதமாக எழுதலாம். எம் என்பதற்கு ஏடிஜி என்ற ஒரே வழிதான்.

அடுத்த சிக்கல், எங்கிருந்து படிப்பது? முதல் எழுத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்தால் ஒன்று வரும். இரண்டாம் எழுத்திலிருந்து தொடங்கினால் வேறொன்று, மூன்றாம் எழுத்திலிருந்து இன்னொன்று. தவிர, டி.என்.ஏ. இரட்டை இழை. எதிர் இழையில் ஏ இருக்கும் இடத்தில் டி, சி இருக்கும் இடத்தில் ஜி என மாறி இருக்கும். அதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். அதிலும் மூன்று வழிகள். மொத்தம் ஆறு.

இந்த ஆறையும் நாங்கள் பிரித்துக் கொண்டோம். கூகுள் ஷீட்ஸில் ஒரே பைலை நால்வரும் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்யலாம். முழு வரிசையையும் ஒரு செல்லில் பேஸ்ட் செய்துவிட்டு, மிட் என்ற பங்ஷனால் மூன்று மூன்றாக வெட்டினோம். எந்த செல், எத்தனையாவது எழுத்திலிருந்து, எத்தனை எழுத்துக்கள் என்று மூன்று தகவல்களை மட்டும் அதற்குத் தந்தால் போதும். எக்ஸெல், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகியவற்றிலும் இதே பங்ஷன் உண்டு. நோட்பேடில் நேரடியாக ரீப்ளேஸ் கட்டளை கொடுத்து மாற்ற முயல வேண்டாம். ஒரு கூட்டின் கடைசி எழுத்தும் அடுத்த கூட்டின் முதல் இரண்டு எழுத்துக்களும் சேர்ந்து ஏடிஜி என்று அமைந்தால் அதையும் மாற்றிவிடும். பிறகு எல்லாம் சிதறிப் போகும்.

இந்த நேரத்தில் சாட்டில் யாரோ ஒருவர், ‘எல்லாவற்றையும் தானே உடைக்கும்’ என்று ஒரு புரோகிராமுக்கு லிங்க் கொடுத்தார். இது போன்ற இ.எக்ஸ்.இ. பைல்களை எக்காரணம் கொண்டும் டவுன்லோட் செய்திட வேண்டாம். உடைவது உங்கள் விண்டோஸாகத்தான் இருக்கும்.

சரியான வழியைக் காட்டியவர் உயிரியல் மாணவி. “வார்த்தையைத் தேடாதீர்கள், நிறுத்தக் கூட்டுக்களைத் தேடுங்கள்” என்றார். டிஏஏ, டிஏஜி, டிஜிஏ இம்மூன்றும் தவறான வழியில் படித்தால் அங்கங்கே தற்செயலாக வந்து விழும். சரியான வழியில் கடைசியில் மட்டுமே வரும். விஞ்ஞானிகள் மரபணுக்களைத் தேடுவதும் இப்படித்தானாம். ஐந்து வழிகள் நடுவிலேயே நின்றன. எதிர் இழையில் இரண்டாம் எழுத்திலிருந்து படித்த வழி மட்டும் முடிவு வரை ஓடியது.

வந்த வாக்கியம் இடைவெளி இல்லாமல் இருந்தது. மே, ஐம்பத்திரண்டு, கிங்ஸ் காலேஜ் என்று புரிந்தது. ஆனால் ஓ வர வேண்டிய இடங்களில் எல்லாம் க்யூ. 20 அமினோ அமிலங்களுக்கு 20 எழுத்துக்கள்தான். பி, ஜே, ஓ, யு, எக்ஸ், இசட் அதில் கிடையாது. பார்க்க ஓ போல இருப்பதால் க்யூவைப் போட்டிருந்தார்கள். ஆறு வழிகளையும் நொடியில் படிக்க ஒரு சின்ன புரோகிராம் போதும். ஆனால் இந்தக் க்யூவை ஆசிரியர்தான் கண்ணால் பார்த்துச் சொன்னார்.

வாக்கியம் ஒரு படத்தின் எண்ணைக் கேட்டது. லண்டன் கிங்ஸ் காலேஜில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் மேற்பார்வையில், ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆராய்ச்சி மாணவர் 1952 மே மாதத்தில் எடுத்த எக்ஸ்ரே படம் அது. பெயர் ‘போட்டோ 51’. டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவத்தை 1953-ல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட அது முக்கியத் துணையாக இருந்தது. வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் 1962-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிராங்க்ளின் 1958-லேயே இறந்துவிட்டார். 51 என்று டைப் செய்தவுடன் அடுத்த பக்கம் திறந்தது. எனக்கு என்னவோ, அடுத்த பக்கத்தை விட அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கத்தான் தோன்றியது.

இது வெறும் கேம் தயாரிப்பவரின் கற்பனை அல்ல. அமெரிக்காவின் கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனம் 2008-ல் ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. முழுவதையும் செயற்கையாக உருவாக்கியபோது, அதற்குள் தன் பெயரை இதே முறையில் எழுதி வைத்தது. யு இல்லாததால் இன்ஸ்டிட்யூட் என்ற சொல்லில் வி போட்டிருந்தார்கள்! அடுத்து 2010-ல், சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம் எழுத்துக்கள் கொண்ட செயற்கை டி.என்.ஏ.வால் இயங்கும் செல்லை அறிவித்தபோது, அமினோ அமில அட்டவணையைக் கைவிட்டுத் தாங்களே ஒரு புதிய அட்டவணை தயாரித்தனர். இடைவெளி, நிறுத்தக்குறிகளும் அதில் உண்டு. நான்கு இடங்களில் செய்தியை ஒளித்து, உடைப்பவர்கள் எழுத ஓர் இமெயில் முகவரியையும் உள்ளே வைத்தனர். பலர் உடைத்தும் காட்டினர்.

அந்த டி.என்.ஏ. வரிசை ஜென்பேங்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முயல விரும்புவோர் வென்டர் என்ற பெயர் உள்ளே எங்காவது இருக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்கலாம். அந்தப் பெயரில் இரண்டாவது எழுத்தும் ஐந்தாவது எழுத்தும் ஒன்றே.